காட்டூருக்குக் கால்வாய் வழியே போன நாள்

கண்ணு,

இதைப் படிக்கும்போது உனக்கு எரிச்சல் வரும். வரட்டும். எனக்கும் மூன்று வாரமாக எரிச்சலாகத்தான் இருக்கிறது. தினமும் சாயந்திரம் போன் பண்ணுகிறாய், "சாப்ட்டியா" என்கிறாய், நான் "சாப்ட்டேன்" என்கிறேன், "மாத்திரை போட்டியா" என்கிறாய், "போட்டேன்" என்கிறேன், அதோடு வைத்துவிடுகிறாய். தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூட இதைவிட இரண்டு வார்த்தை அதிகம் பேசுவாள். நீ கத்தியிருந்தால், தட்டைத் தூக்கி எறிந்திருந்தால், "நீயெல்லாம் ஒரு அம்மாவா" என்று கேட்டிருந்தால், நானும் பதிலுக்குக் கத்தி எப்படியோ விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பேன். நீ உன் நைனா மாதிரி வாயை மூடிக்கொண்டாய். அதனால்தான் எழுதுகிறேன். நம் பசியாவரம் தீவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் பத்தாவது படித்த என்னிடம்தான் வருகிறார்கள். உட்கார்ந்த இடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். உனக்கு எழுத நாலு நாளாகிறது.

அந்த மழைநாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பழவேற்காடு ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது என்று விடிந்ததும் தகவல் வந்தபோது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? காட்டூருக்குப் போய் என் அண்ணனுக்கு, உன் தாய்மாமனுக்கு, முதல் பத்திரிகை வைக்கவேண்டும் என்று நீதான் பிடிவாதமாக இருந்தாய். பன்னிரண்டு வருஷமாக அவர் பேரை எடுத்தாலே எழுந்து போகிறவன் நீ. உனக்கு வரப்போகிற ரேவதி, "ஒரு தடவ போய்க் கூப்டுடு. வரலன்னா தப்பு அவரோடது" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. "பஸ் இல்ல கண்ணு, இன்னொரு தபா வரும்போது பாத்துக்கலாம்" என்று சொன்னேன். நீ ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தாய். "எனக்கு ரெண்டு நாள்தாம்மா லீவு. கால்வா இன்னாத்துக்கு இருக்குது? படகுல போலாம்" என்றாய். பக்கத்து வீட்டில் பைபர் படகை இரவல் கேட்டு, மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு நீ கரைக்குப் போனபோது, நான் வேண்டுமென்றே அரை மணி நேரம் குடை தேடினேன். குடை அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தது.

அன்றைக்கு நான் திட்டாத பொருள் எது? மழையைத் திட்டினேன். தார்ப்பாயில் ஓட்டை என்று திட்டினேன். ஏரியைத் தாண்டிக் கால்வாய்க்குள் தெற்கே திரும்பியதும், தூர் வாராமல் விட்டவர்களைத் திட்டினேன். இரண்டு கரையிலும் வேலிக்காத்தான் முள் படகை உரசியது. பத்திரிகையும் தேங்காய் பழமும் வைத்த பையை மடியில் அணைத்துக்கொண்டு, ஈரப் புடவையோடு, நான் சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அறுந்த வலைத்துண்டு ஒன்று மோட்டார் காத்தாடியில் சுற்றிக்கொண்டு படகு நின்றதும் எனக்கு ஒரே ஆவேசம். "இதுக்குத்தான் சொன்னேன். சொன்னா கேக்கறியா? திரும்பு" என்றேன். நீ சட்டையைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு இறங்கினாய். இடுப்பளவு தண்ணீர், முழங்காலளவு சேறு. வலையைக் கத்தியால் அறுத்துக்கொண்டே சிரித்தாய். நான் அதை மறக்கமாட்டேன். அத்தனை மழையிலும் அன்றைக்குக் காலையில் நீ சந்தோஷமாக இருந்தாய். நைனா உன்னை முதன்முதலில் இந்தக் கால்வாயில்தான் மோட்டார் பிடிக்க விட்டார் என்றும், நீ நேராகக் கரையில் கொண்டுபோய் ஏற்றினாய் என்றும், அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கித் தள்ளினார் என்றும் சொன்னாய். எனக்கு அது தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் கேட்டாய். படகு ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாய். "நைனா செத்தப்போ மாமாவுக்கு யாரும்மா போய்ச் சொன்னது?"

"ஆள் அனுப்பினோம்" என்றேன்.

"யார?"

"அதெல்லாம் ஞாபகமா வெச்சிருப்பாங்க? மழையில நனஞ்சிக்கினு இதான் பேச்சா? சீக்கிரம் எடு."

நீ மோட்டாரைக் கிளப்பினாய். என்னைத் தவிர, உன்னைத் தவிர, அந்தக் கால்வாயில் ஒரு ஜீவன் இல்லை. ஒரு மணி நேரம் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. நானோ கரை வருகிறவரை இறால் பண்ணைக்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாமா வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன், ஏனென்றால் நீ அங்கே யார் முகத்தையும் பார்க்கவில்லை. படகைக் கட்டிவிட்டு வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்து போய் நின்றோம். உன் மாமா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து "வா" என்றார். உன்னை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். உன் நைனாவின் தோள் உனக்கு. அதைத்தான் பார்த்தார். நீ, "கல்யாணம் வெச்சிருக்குது. பத்திரிக குடுக்க வந்தோம்" என்று கவர்மென்ட் ஆபீசில் பேசுவதுபோல் பேசினாய். பத்திரிகையும் பழமும் வைத்து நீ நீட்டிய தட்டை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அத்தை துண்டு கொடுத்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள், சாப்பிடாமல் விடமாட்டேன் என்று இலை போட்டுவிட்டாள். சுடச்சுடச் சோறு வைத்துக்கொண்டே, அந்த வெள்ளந்தி மனுஷி கேட்டாள்.

"இந்த வருசம் அரிசி கொஞ்சம் நொய்யாப் பூடுச்சின்னு உங்க மாமாவுக்கு ஒரே கவல. உங்களுக்கு அனுப்பின மூட்ட எப்படி கண்ணு இருந்துச்சு?"

"எந்த மூட்ட, அத்த?"

"தைமாசம் அனுப்புவோமே, அதான். கன்னியம்மா கிட்ட குடுத்து அனுப்பறமே வருசா வருசம்."

நீ சோறு பிசைவதை நிறுத்தினாய். கன்னியம்மா நம் தீவிலிருந்து காட்டூருக்குக் கூடை சுமந்து மீன் விற்கப் போகிறவள், நம் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறவள் என்று உனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் முன்னால் விஷயம் புரிந்தது உன் மாமாவுக்குத்தான். "ரசம் ஊத்துடி, சோறு ஆறுது" என்று அத்தையிடம் சொன்னார். என்னை அப்போதும் காப்பாற்றத்தான் பார்த்தார், கண்ணு. நீ விடவில்லை.

"நைனா செத்தப்போ நீங்க ஏன் வரல?"

அவர் என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. அப்புறம் சொன்னார். "வந்தேன்பா. சேதி லேட்டாத்தான் தெரிஞ்சிது. மூணாம் நாள் வந்தேன். கர வரிக்கும் வந்தேன்." நீ இலையில் இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாய், கை கழுவினாய், "போலாம்மா" என்றாய். திரும்பி வரும்போது வாடைக்காற்று எதிரே அடித்தது. வந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனது. நடுவில் படகு தரை தட்டியபோது நானும் இறங்கித் தள்ளினேன். காலையில் என்னைத் தண்ணீரில் கால் வைக்க விடாதவன், அப்போது "வேணாம்" என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஒரகடத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாய். அன்றிலிருந்துதான் "சாப்ட்டியா."

இனி, நீ கேட்காததைச் சொல்கிறேன். உன் நைனா ஏரியில் திருக்கையை மிதித்தார், முள் ஏறிய புண் ஆறவில்லை, செத்துப்போனார். உனக்குத் தெரிந்தது அவ்வளவு. அவருக்குச் சர்க்கரை இருந்தது. புண் கறுக்க ஆரம்பித்த நாலாம் நாள் உன் மாமா வந்தார். நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். காலைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம். இப்பவே கெளம்பு. கால எடுத்தாலும் ஆள் இருப்பான்" என்றார். கால் இல்லாமல் இந்த மனுஷன் எப்படித் தண்ணீரில் இறங்குவார் என்று நான் நினைத்தேன். அதை மட்டும்தான் நினைத்தேன். பச்சிலை கட்டுகிறவர் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றிருந்தார். "எங்க வூட்டு ஆம்பளய மொடமாக்கிப் பாக்கணுமா உனக்கு" என்று அண்ணனையே கேட்டேன். அவரும் கோபமாகத்தான் பேசினார். "உன் வீம்புல அந்த மனுசனக் கொன்னுடாத" என்றார். உன் நைனாவைக் கேட்டோம். அவர் என்னைப் பார்த்து, "நீ சொல்றதுதான்" என்றார். எந்த விஷயத்திலும் அவர் சொல்கிற பதில் அது. அந்த ஒரு நாளாவது அந்த மனுஷன் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? செத்த மனுஷன்மேல் கோபப்படுகிறேன் என்று நினைப்பாய். படுகிறேன். பன்னிரண்டு வருஷமாகப் படுகிறேன். அதற்குப் பிறகு எட்டாம் நாள் அவர் போய்விட்டார்.

அண்ணனுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. ஆள் அனுப்பினோம் என்று படகில் சொன்னேனே, அது பொய். அவர் வந்து நின்றால், ஒன்றுமே பேசாமல் நின்றாலும், அவர் சொன்னதுதான் நடந்தது என்று ஊருக்கே தெரிந்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். மூன்றாம் நாள், பால் தெளிக்கிற அன்று, எப்படியோ கேள்விப்பட்டு அவரே வந்துவிட்டார். படகிலிருந்து இறங்கவில்லை, கையில் பால் சொம்பும் மாலையும் இருந்தது. நான் தலைவிரி கோலமாக ஓடினேன். "நீ சொன்னது நடந்துடுச்சி. போதுமா? போ. என் வூட்டு வாசல மிதிக்காத" என்றேன். கரையில் நாலைந்து பேர் இருந்தார்கள், கன்னியம்மாவும் இருந்தாள். அவர் மாலையைப் படகின் பலகையில் வைத்தார். படகுக்காரரிடம், "திருப்புப்பா" என்றார்.

நீ அப்போது காய்ச்சலில் பக்கத்து வீட்டில் படுத்திருந்தாய். சாயந்திரம் கண் விழித்து, "மாமா வரலியா?" என்று கேட்டாய். "வரல" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நீ "ஏன்" என்றாய். "மீன் நாத்தம் அடிக்கிற வூட்டுக்கு வரமாட்டாராம்" என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. காட்டூரில் என் அப்பா சொன்ன வார்த்தை அது, என் சித்தப்பா சொன்ன வார்த்தை. விவசாயக் குடும்பத்துப் பெண் மீன்பிடிக்கிற பையனைக் கட்டிக்கொண்டு தீவுக்குப் போகிறாள் என்று ஊரே காறித் துப்பியபோது, அதைச் சொல்லாத ஒரே ஆள் உன் மாமா. கல்யாணமான மறுவாரமே தனியாக வந்து, நம் வீட்டில் கெளுத்திக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, கை மணக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர். அவர் வாயில் கொண்டுபோய் அந்த வார்த்தையை வைத்தேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், கண்ணு. அடுத்த தையில் முதல் மூட்டை அரிசி வந்தது. திருப்பி அனுப்பினால் ஏன் என்று நீ கேட்பாய். வைத்துக்கொண்டால் யாருடையது என்று கேட்பாய். பொன்னேரியில் வாங்கினேன் என்றேன். கன்னியம்மாவிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அவள், "உனக்காக இல்ல, அந்தப் புள்ளைக்காகச் சொல்லாம இருக்கறேன்" என்றாள். அந்த அரிசியைத் தின்றுகொண்டேதான் நீ மாமாவை வெறுத்தாய். உனக்கு இருபது வயதில், பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் அவர் சிரித்துக்கொண்டே உன் பக்கத்தில் வந்தாரென்றும், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய் என்றும் வந்து சொன்னாய். மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. அன்றைக்கு இறால் தொக்கு செய்து உனக்குப் பரிமாறினேன். அதைச் செய்தபோது என் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம்தான் இருந்தது. என் பிள்ளை என் பக்கம் என்ற சந்தோஷம்.

அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாய். இருக்கிறது. தப்புச் செய்தவளுக்குத்தான் அது எங்கே ஆரம்பித்தது என்று தெரியும். ரேவதி ஒன்று கேட்டால், பதில் சொல். "உன் இஷ்டம்", "நீ சொல்றதுதான்" என்று உன் நைனா மாதிரி அவள் தலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு நல்லவனாக நிற்காதே. அப்படி வைக்கப்பட்டவளுக்குச் சுமை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவளோடு சண்டை போடு. தப்பாகவாவது பேசு. பேசினதைத் திருத்திக்கொள்ளலாம். அந்தப் படகில் இரண்டு பேரும் நனைந்துகொண்டே வாயை மூடி வந்தோமே, அதை என்ன செய்து திருத்துவது? நான் மூன்று வாரமாக யோசித்துப் பார்க்கிறேன், வழி தெரியவில்லை. உன் மாமா என்னை மன்னித்தால்கூட எனக்கு இந்த எரிச்சல் போகும் என்று தோன்றவில்லை.

அவர் மன்னிக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும். தண்ணீர் வடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும், போன செவ்வாய்க்கிழமை நான் தனியாகக் காட்டூருக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை, "சாப்ட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் மழையில் உடைந்த வரப்பை மண்வெட்டியால் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார். வேண்டாம் என்று வயலிலேயே நின்று, உனக்கு எழுதியிருக்கிற எல்லாவற்றையும் சொன்னேன். விரட்டியதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதானே, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மீன் நாற்றம் என்று நான் சொன்னதைச் சொன்னபோது மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"அந்த வார்த்தைய நான் சொன்னேன்னா சொன்ன?"

"ஆமாண்ணா."

"அதான் பஸ் ஸ்டாண்டுல அந்தப் புள்ள அப்படிப் பாத்தானா? நான் சாவுக்கு வரலன்ற கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது நாயம்னு உட்டுட்டேன்." காலில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்தார். "இன்னா வேணா சொல்லியிருக்கலாம் நீ. குடிகாரன்னு சொல்லியிருக்கலாம். கல்நெஞ்சன்னு சொல்லியிருக்கலாம். இத ஏண்டி சொன்ன?"

கல்யாணத்துக்கு வருவாயா என்று அந்த நிலைமையிலும் கேட்டேன். என் புத்தி அப்படி. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். "நீ கூப்ட்டதுக்கு வரமாட்டேன். பத்திரிக குடுத்த அன்னிக்கி அவன் ஒண்ணும் தெரியாம குடுத்தான். எல்லாம் தெரிஞ்சிக்கினு அவனாத் தனியா வரட்டும். வந்தா, தாய்மாமன் மொறைக்கு நானே முன்னாடி நிக்கறேன். வரலன்னாலும் அவன நான் குத்தம் சொல்ல மாட்டேன்." அதோடு குனிந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன், அவர் நிமிரவில்லை.

ஆகவே, உனக்கு இப்போது எல்லாம் தெரியும். நீ போ. நான் வரவில்லை. என்னைக் கூப்பிட்டாலும் வரமாட்டேன். பொன்னேரியிலிருந்து காட்டூருக்கு இப்போது பஸ் ஒழுங்காக ஓடுகிறது. காலையில் போனால் அவர் வயலில் இருப்பார், மத்தியானம் போ. அத்தை சாப்பிடச் சொன்னால் மறுக்காதே. அன்றைக்கு அவள் கேட்ட கேள்வியால்தான் இத்தனையும் ஆயிற்று என்று அவள் அழுதுகொண்டிருப்பதாகக் கன்னியம்மா சொன்னாள். அவளிடம் இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசு. மாமாவிடம் என்ன பேசுவது என்று நீ யோசிக்காதே. பன்னிரண்டு வருஷக் கதை இருக்கிறது பேச. நைனாவைப் பற்றிக் கேள், அவர் எனக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய வைத்திருப்பார். அப்புறம் என்னைப் பற்றியும் பேசுவீர்கள். பேசுங்கள். பெற்றவளாயிற்றே, கூடப் பிறந்தவளாயிற்றே என்று இரண்டு பேரும் பாதியில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். என் முகத்துக்கு நேரே நீ சொல்லாமல் விழுங்கினதையெல்லாம் அவரிடம் சொல். அவரும் சொல்வார். எனக்காக எதையும் குறைத்துச் சொல்லவேண்டாம்.

அம்மா